ஒலியின் பின்னால் போன சி.வி. ராமன்



பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஃபார்வர்டு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வயிற்று ஸ்கேன், நீர்மூழ்கிக் கப்பலைக் காட்டிக்கொடுக்கும் சோனார், சிறுநீரகக் கல்லை உடைக்கும் இயந்திரம் ஆகிய மூன்றையும் கண்டுபிடித்தவர் நம் சி.வி. ராமன்தான், அதை மறைத்துவிட்டார்கள் என்று அதில் எழுதியிருந்தது. வரிசையாகக் கைகூப்பும் படங்கள் விழுந்தன. அது சரியல்ல என்று நான் ஒரு வரி போட்டேன். உடனே நம் செயலாளர், எது சரி என்று அடுத்த காலாண்டு மடலுக்கு எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதைதான்.

முதலில் ஃபார்வர்டின் தவறு. சோனாருக்கு வழி வகுத்தவர் பிரான்சின் பால் லான்ஜவான். முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது, 1917-இல், குவார்ட்ஸ் படிகத்தை எஃகுத் தகடுகளுக்கு நடுவே வைத்து, காதுக்குக் கேட்காத ஒலியைக் கடலுக்குள் அனுப்பிக் காட்டினார். கர்ப்பிணிகளுக்கான ஸ்கேனை மருத்துவ உலகம் ஏற்கச் செய்தவர் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட். அவரது புகழ்பெற்ற கட்டுரை 1958-இல் வந்தது. அவர் முதலில் பயன்படுத்தியது, உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று தொழிற்சாலைகளில் பார்க்கும் கருவியை. கல் உடைக்கும் இயந்திரம் ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனத்தில் பிறந்தது. அதிவேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் என்ன சேதம் ஆகும் என்று ஆராய்ந்தவர்கள், அந்த அதிர்வலையை உடம்புக்குள் இருக்கும் கல்லின் மேல் குவிக்கலாம் என்று கண்டார்கள். முதல் நோயாளிக்கு 1980-இல் முனிச்சில் சிகிச்சை நடந்தது.

இதில் எங்கும் ராமன் இல்லை. ஆனால் ஃபார்வர்டு எழுதிய புண்ணியவான் ஒரேயடியாகக் கப்சா விட்டுவிடவும் இல்லை. ராமனை நாம் ஒளியோடு மட்டும் சேர்த்துப் படித்துவிட்டோம். அவர் ஆராய்ச்சி வாழ்க்கையில் பெரும் பங்கு ஒலிக்குப் போனது. அந்தப் பாதியைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன்.

1888 நவம்பர் 7 அன்று திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தவர். தந்தை சந்திரசேகர ஐயர் கல்லூரி ஆசிரியர். கணிதமும் இயற்பியலும் அவர் பாடம், வயலின் அவர் பொழுதுபோக்கு. பையன் வளர்ந்தது விசாகப்பட்டினத்தில். வீட்டில் தந்தை வயலின் வாசிக்க, அலமாரியில் அறிவியல் புத்தகங்கள் இருக்க, ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இசை ஒலிகளைப் பற்றி எழுதிய புத்தகம் அவர் கையில் கிடைத்தது. தன்னை உருவாக்கிய மூன்று நூல்களில் அதையும் ஒன்றாகப் பிற்காலத்தில் அவர் எண்ணினார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ., 1907-இல் எம்.ஏ. இரண்டிலும் முதலிடம். அந்தக் காலத்தில் இப்படிப் படித்த பையன் அடுத்து இங்கிலாந்து போக வேண்டும். ஆனால் சென்னையின் அரசு மருத்துவர் அவரைச் சோதித்துவிட்டு, இந்த நோஞ்சான் உடம்பு இங்கிலாந்துக் குளிரைத் தாங்காது என்று தடுத்துவிட்டார். அந்த உடம்பு 82 வயது வரை தாங்கியது என்பது வேறு விஷயம். வெளிநாடு இல்லையென்றதும் ராமன் நிதித்துறைத் தேர்வு எழுதினார், அதிலும் முதலிடம். 18 வயதில் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல். அதே ஆண்டு திருமணம். மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர்.

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு 18 வயதில் அப்படியொரு அரசு உத்தியோகம் கிடைத்தால் நாம் என்ன செய்வோம்? பாடலீசுவரர் கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டு, இனி வேறு யோசனையே வேண்டாம் என்போம். ராமன் டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தார். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். உள்ளே ஆய்வுக்கருவிகள் தூசி படிந்து கிடந்தன. ஆசுதோஷ் டே என்ற உதவியாளர் கதவைத் திறந்துவிட்டார். பிறகு பல ஆண்டுகள் ராமனின் வலக்கையாக இருந்தவர் அவரே. விடிவதற்குள் கழகம், பத்து மணிக்கு முன் வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்டு அலுவலகம், மாலை ஐந்துக்கு மறுபடி கழகம், இரவு பத்துக்கு வீடு. சம்பளம் கணக்குத் துறையில், உயிர் கழகத்தில் என்று பத்தாண்டு ஓடியது.

அந்தப் பத்தாண்டில் அவர் அதிகம் ஆராய்ந்தது எதை என்கிறீர்கள்? தந்தியை. ஒற்றைத் தந்தி கொண்ட ஏக்தாரா பற்றி 1909-இல் எழுதினார். வயலின் தந்தியின் மேல் வில் போகும்போது தந்தி எப்படி ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டி அதிர்கிறது என்பதைக் கணக்காகவும் படமாகவும் வடித்து 1918-இல் ஒரு தனி நூலே வெளியிட்டார். மனிதக் கை ஒருநாள் போல் மறுநாள் அழுத்தாது என்பதால், வயலினைத் தானே வாசிக்கும் ஓர் இயந்திரத்தையும் கட்டினார். தம்புராவும் வீணையும் மேல்நாட்டுத் தந்திக் கருவிகளிலிருந்து எங்கே வேறுபடுகின்றன என்று பார்த்தார். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலை நகர்த்தி நகர்த்தி ஜீவா பிடிப்பதைக் கச்சேரியில் பார்த்திருப்பீர்கள். வளைந்த அந்தக் குதிரையும் நூலும் சேர்ந்துதான், விதிப்படி ஒலிக்கக்கூடாத மேல்சுரங்களையும் ஒலிக்க வைக்கின்றன என்று அவர் காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்தது மிருதங்கம். மகாசிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரம் நாட்டியாஞ்சலிக்குப் போகிறவர்கள் நம்மில் பலர் உண்டு. அடுத்த முறை மேடையில் மிருதங்கக்காரர் சுதி சேர்க்கும்போது கவனியுங்கள். சாதாரண முரசில் தோல் அதிரும்போது எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாது. அதனால்தான் முரசு வெறும் சத்தம். மிருதங்கத்தின் வலந்தலைக்கு மட்டும் எப்படிச் சுருதி வந்தது? நடுவில் கறுப்பாக இருக்கும் கரணைதான் காரணம். இரும்புத்தாது கலந்த கல்பொடியைச் சோற்றோடு பிசைந்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து ஏற்றும் அந்தக் கனம், தோலின் அதிர்வுகளை இழுத்துப்பிடித்து ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. தோலின் மேல் மணலைத் தூவி, தட்டும்போது மணல் எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்து, ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து இசைச்சுரங்களுக்குள் அடங்குவதை ராமன் கண்டார். 1920-இல் முதல் கட்டுரை, 1934-இல் விரிவான கட்டுரை. நம் ஊர்ப்பக்கத்தில் மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும் வாட்டிக் காதாலேயே கரணை வைத்த கைவினைஞர்கள், இயற்பியல் படிக்காமலே இந்தக் கணக்கைத் தீர்த்து வைத்திருந்தார்கள் என்பதை உலக விஞ்ஞானிகளுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். அந்தக் கைவினைஞர்களின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை என்பது என் மனக்குறை.

1917-இல், லான்ஜவான் கடலுக்குள் ஒலியை அனுப்பிய அதே ஆண்டில், கல்கத்தா பல்கலைக்கழகம் ராமனைப் பாலித் பேராசிரியர் பதவிக்கு அழைத்தது. சம்பளம் ஏறத்தாழ பாதி. அந்தப் பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதற்காகப் போகமாட்டேன் என்று மறுத்துவிட்டார்; விதி வளைந்தது. 1921-இல்தான் முதல்முறை கப்பலேறினார். லண்டன் புனித பால் தேவாலயத்தின் கோபுர மாடத்தில் ஒருவர் சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்முனையில் கேட்கும். அதைக் கேட்டவர் சும்மா திரும்பவில்லை, அங்கேயே சோதனை நடத்தினார். ஊர் வந்தபின் பிஜப்பூர் கோல்கும்பாவிலும் அதே வேலை. திரும்பும் வழியில் கடலின் நீலம் அவர் கண்ணில் பட்டது. அந்தக் கேள்வி 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவில் முடிந்தது. 1930-இல் நோபல் பரிசு. இதை உங்கள் வீட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளை என்னைவிட நன்றாகச் சொல்லும். கூட உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன், விருதுநகர்ப் பக்கம் வத்திராயிருப்புக்காரர், என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஃபார்வர்டுக்கும் உண்மைக்கும் உள்ள உறவு இனிமேல்தான் வருகிறது.

1933-இல் ராமன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார், அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் டிபை, சியர்ஸ் இருவரும், பிரான்சில் லூக்கா, பிக்கார் இருவரும் ஒரு விந்தையைக் கண்டிருந்தார்கள். ஒரு தொட்டித் திரவத்துக்குள் மீயொலியை, அதாவது மனிதக் காதின் எல்லையான 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை, அனுப்பிக்கொண்டே குறுக்காக ஒளிக்கதிரைச் செலுத்தினால், மறுபக்கத்தில் ஒரு புள்ளிக்குப் பதில் இருபுறமும் வரிசையாகப் பல புள்ளிகள் விழுந்தன. ஒலியைக் கூட்டினால் புள்ளிகளின் பிரகாசம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. ஏன் என்பதற்கு அப்போதைய விளக்கங்கள் போதவில்லை.

ராமனும் அவருடைய இளம் மாணவர் நாகேந்திர நாத்தும் 1935, 36-இல் ஐந்து கட்டுரைகளில் இதைத் தீர்த்தார்கள். கணக்கு கடினம், கருத்து எளிது. நம் மொட்டை மாடியில் கார் ஷெட்டுக்காக இறக்கி வைத்திருக்கும் நெளிவுத் தகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒலி போகும் திரவத்தில் ஓரிடம் நெருக்கம், அடுத்த இடம் தளர்ச்சி, மறுபடி நெருக்கம். நெருக்கமான இடத்தில் ஒளி சற்று மெதுவாகப் போகும், தளர்ந்த இடத்தில் சற்று வேகமாக. ஆகவே தட்டையாக உள்ளே நுழைந்த ஒளியலை, வெளியே வரும்போது அந்தத் தகரம் போல நெளிந்து வருகிறது. நெளிந்த அலை பல திசைகளில் பிரிகிறது, அவைதான் அந்தப் புள்ளிகள். இளவயதில் படித்த ரேலி பிரபுவின் பழைய கணக்கு ஒன்றின் சாயல் இதில் இருந்தது. தந்தியையும் தோலையும் முப்பது ஆண்டு பார்த்த கண்ணுக்குத்தான் இது சட்டென்று பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இந்தக் கட்டுரைகள் எழுதப்பட்ட நாட்களில் அவர் நிம்மதியாக இருந்தார் என்று நினைக்காதீர்கள். கழகத்தில் பணத்தை எந்தத் துறைக்குச் செலவிடுவது, யாரை நியமிப்பது என்று பெரிய சண்டை. ஜெர்மனியிலிருந்து வெளியேற நேர்ந்த மாக்ஸ் பார்னை நிரந்தரமாக இங்கே வைத்துக்கொள்ள ராமன் முயன்றார், நடக்கவில்லை. அவர் பேச்சும் வளைந்து கொடுக்கிற பேச்சு அல்ல. விசாரணைக் குழு வந்தது. 1937-இல் இயக்குநர் பதவி போனது. பேராசிரியராக மட்டும் 1948 வரை அங்கேயே இருந்தார். பதவி போன கழகத்திலேயே, தன்னை இறக்கியவர்கள் கண்முன்னே, பதினோரு ஆண்டு வேலை செய்வது லேசான காரியமா? நம் சங்கப் பொதுக்குழுவில் தோற்றவர்கள் மறுநாள் லிஃப்டில் முகம் கொடுக்காமல் போவதை நாம் பார்க்கிறோம்.

ராமன்–நாத் கோட்பாடு இன்று எங்கே இருக்கிறது? ஒரு படிகத்துக்குள் மீயொலி அனுப்பி லேசர் கதிரைத் திருப்புவது, அணைப்பது, விடுவது என்று ஒரு தொழில்நுட்பமே வளர்ந்திருக்கிறது. மருத்துவமனை லேசர்கள் சிலவற்றில் துடிப்பைக் கட்டுப்படுத்துவது இதுதான். உயிரணுக்களைப் பார்க்கும் நவீன நுண்ணோக்கிகளிலும் உண்டு. ராணுவத்தில் எதிரி ரேடாரின் அலைகளைப் பிரித்தறியும் கருவிகளில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஸ்கேன் கருவியின் முனையிலிருந்து வரும் மீயொலி எவ்வளவு வலுவானது, எங்கே குவிகிறது என்று அளப்பதற்கும் ஒளியைக் குறுக்கே விட்டுப் பார்க்கும் முறை உண்டு. ஆக, ராமன் ஸ்கேனைக் கண்டுபிடிக்கவில்லை. ஒலி ஒளியை என்ன செய்கிறது என்று சொல்லிக்கொடுத்தார். இன்றும் பொறியாளர்கள் இந்தக் கருவிகளை வகைப்படுத்தும்போது ஒரு வகைக்கு ராமன்–நாத் என்றே பெயர்.

ராணுவத்துக்கு இன்னொரு வழியும் போகிறது. ராமனின் மாணவர் சூரி பகவந்தம் மீயொலி ஆராய்ச்சியில் பெயர் பெற்றவர். 1961 முதல் 1969 வரை பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகர். அந்தத் துறையின் கீழுள்ள கொச்சி ஆய்வகம்தான் பின்னாளில் நம் கடற்படைக்குச் சொந்தமாக சோனார்களை வடிவமைத்தது. நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு கடற்படைக் கப்பல் இருந்தது தெரியுமா? ஐ.என்.எஸ். கடலூர், சோவியத் நாட்டில் கட்டப்பட்ட கண்ணிவாரிக் கப்பல், 1987-இல் சேர்ந்து 2018-இல் ஓய்வு பெற்றது. கடலடியில் கண்ணிவெடியைத் தேட அதற்குக் கண் ஒலிதான். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். எதிரொலி ஒரு நொடியில் திரும்பினால் பொருள் 750 மீட்டரில் இருக்கிறது. கடலூர் துறைமுகத்து விசைப்படகுகளில் மீன் கூட்டத்தைத் திரையில் காட்டும் கருவிக்கும் இதே கணக்குத்தான். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையிலும் திரவக் கலவைகளுக்குள் மீயொலியின் வேகத்தை அளக்கும் ஆய்வுகள் நடந்துவந்திருக்கின்றன. நம் குடியிருப்பிலேயே அங்கே படித்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப்பாருங்கள்.

ஸ்கேனில் ஒலி மில்லிமீட்டரில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். 50 லட்சம் அதிர்வுகள் என்றால் அலையின் நீளம் 0.3 மில்லிமீட்டர், அதனால்தான் சிசுவின் விரல்கூடத் தெரிகிறது. தெரிவதால் வந்த வினையும் உண்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என 1994-இல் சட்டமே போட வேண்டி வந்தது. ஒவ்வொரு ஸ்கேன் மையத்திலும் தொங்கும் அந்தப் பலகை நமக்குப் பழகிப்போய்விட்டது.

கடைசியாக ஒன்று. 1948-இல் பெங்களூருவில் தன் பெயரிலேயே ஓர் ஆய்வுக் கழகம் அமைத்த ராமன், 1954-இல் பாரத ரத்னா பெற்று, பிறகு பெரும்பாலும் தனித்தே வாழ்ந்தார். ரோஜாத் தோட்டம், வைரங்கள், நிறங்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று காந்தி நினைவுச் சொற்பொழிவு மட்டும் தவறாது. 1970-இல் அவர் கடைசியாக ஆற்றிய அந்தச் சொற்பொழிவின் பொருள், காது எப்படிக் கேட்கிறது என்பது. அவர் கேட்டலைப் பற்றிச் சொன்னது பாடப்புத்தகங்களில் நிலைக்கவில்லை. வயதான காலத்தில் பார்வையைப் பற்றி எழுதியதும் அப்படித்தான். ஆனால் எட்டு ஆண்டு கழித்து, 1978-இல், டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேயர், உட்காது கேட்பதோடு நிற்காமல் தானும் மிக மெல்லிய ஒலியைத் திருப்பி எழுப்புகிறது என்று கண்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன ஆண்டு என் பேத்தி சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் பிறந்தாள். மூன்றாம் நாள் அவள் காதில் சின்ன முனை ஒன்றை வைத்து, டிக் டிக் என்று ஒலி அனுப்பி, காது திருப்பி அனுப்பும் ஒலியைக் கேட்டார்கள். வலது காதிலிருந்து பதில் வந்தது. இடது காதிலிருந்து வரவில்லை. பிறந்த குழந்தையின் காதில் நீரோ மெழுகோ இருந்தால் இப்படி ஆகும், சில வாரம் கழித்து மறுபடி வாருங்கள் என்று நிதானமாகச் சொன்னார்கள். அந்தச் சில வாரம் எங்கள் வீட்டில் கதவு சாத்தும் சத்தத்துக்கெல்லாம் எல்லோரும் தொட்டிலைப் பார்த்தோம். மறுமுறை இரண்டு காதும் பதில் சொன்னது. வராமல் போயிருந்தால், சீக்கிரமே தெரிந்ததால் செய்யக்கூடியவை உண்டு; ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காதுக்குள் கருவி பொருத்தும் சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. நம் குடியிருப்பில் யார் வீட்டிலாவது குழந்தை பிறந்தால் இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

ராமன் அந்தச் சொற்பொழிவுக்குப் பிறகு ஆய்வகத்தில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் சாக விரும்பாமல் தன் கழகத்துக்கே திரும்பினார். 1970 நவம்பர் 21 அதிகாலை உயிர் பிரிந்தது. அவர் விரும்பியபடி, சடங்கு எதுவும் இல்லாமல் கழகத் தோட்டத்திலேயே எரியூட்டினார்கள். அந்த இடத்தில் நினைவு மண்டபம் இல்லை, ஒரு மரம் நிற்கிறது. பெங்களூரு போனால் போய்ப் பாருங்கள். மேக்ரி சர்க்கிள் பக்கம்தான்.